வாசகர் கேள்வி – எங்கள் பதில்: அமெரிக்க அதிபரின் பேனா எதுவரை எழுதும்?

அமெரிக்க அதிபரின் அதிகாரம் குறித்து அண்மைக் காலமாக நிறையக் கடிதங்கள் வருகின்றன. ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் தேவைப்படுவதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பின்னலாடைக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது செய்திகளில் ஒரே ஒருவரின் பெயர்தான் அடிபட்டது. நம் நாட்டில் வரி என்றால் பட்ஜெட், நிதி மசோதா, விவாதம் என்று எத்தனையோ படிகள் இருக்கின்றன. அங்கே ஒரு மனிதர் ஒரு கையெழுத்தில் இதைச் செய்துவிட முடியுமா? (வாசகர், திருப்பூர்)

அமெரிக்க அரசியல் சாசனத்தை எத்தனை முறை புரட்டினாலும், வரி விதிக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டு என்று சொல்லும் வரி ஒன்றைக்கூட நீங்கள் காண முடியாது. 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அந்த ஆவணம், வரியையும் சுங்கத் தீர்வையையும் விதிக்கும் பொறுப்பை முதல் உறுப்பின் எட்டாம் பிரிவிலேயே, பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடம் ஒப்படைத்துவிட்டது. அதிபரைப் பற்றிய பேச்சு இரண்டாம் உறுப்பில்தான் தொடங்குகிறது.

அப்படியானால் அந்தக் கையெழுத்துக்கு வலு எங்கிருந்து வந்தது என்றால், காங்கிரஸே இரவல் கொடுத்தது என்பதுதான் பதில். 1930இல் காங்கிரஸ் உறுப்பினர்கள் தத்தம் தொகுதித் தொழில்களைக் காக்கவென்று ஆயிரக்கணக்கான பொருள்களுக்குத் தாங்களே வரிவிகிதம் எழுதினார்கள். ஸ்மூட்–ஹாலி சட்டம் என்று பெயர் பெற்ற அது மற்ற நாடுகளைப் பதில்வரிக்குத் தூண்டியது. பெருமந்தக் காலத்தில் உலக வணிகம் மேலும் சுருங்கியது. சூடுபட்ட காங்கிரஸ் 1934இல், மற்ற நாடுகளோடு ஒப்பந்தம் செய்து வரிகளைக் கூட்டிக் குறைக்கும் உரிமையை அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு வழங்கியது. 1962இல் நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும், 1974இல் முறையற்ற வணிகத்துக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும், 1977இல் அவசரநிலைக் காலப் பொருளாதார அதிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது முதலில் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்கியதைக் காரணம் காட்டி அம்மாதம் 27ஆம் தேதி முதல் மேலும் 25 சதவீதமும் விதிக்கப்பட்டது இந்த 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரால்தான். அந்தச் சட்டத்தில் ‘இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம்’ என்று இருக்கிறதே தவிர, சுங்க வரி என்ற சொல்லே கிடையாது. ஒழுங்குபடுத்துவது என்றால் வரி போடுவதும் அடங்குமா என்ற இந்த ஒற்றைச் சொல்லாராய்ச்சிதான் நீதிமன்றப் படியேறியது. அமெரிக்காவின் பன்னாட்டு வணிக நீதிமன்றம் 2025 மே மாதத்திலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டில் ஏழுக்கு நான்கு என்ற கணக்கிலும் அதிபர் டிரம்புக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, நவம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. வழக்கு இப்படி நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்துகொண்டிருக்க, உங்கள் ஊரில் ஆர்டர்கள் நின்றன. சட்டம் ஒரு வேகத்தில் போகிறது, சரக்குக் கப்பல் வேறொரு வேகத்தில் போகிறது.

நம் நாட்டு ஒப்பீட்டில் ஒரு சிறு திருத்தம். நம் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் வெறும் அறிவிக்கை மூலம் வரிவிலக்கு தரும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சட்டமன்றங்கள் இரவல் கொடுப்பது எல்லா ஊரிலும் உண்டு.

கேள்வி: கொடுத்த அதிகாரத்தை அதிபர் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று தோன்றினால் காங்கிரஸ் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதானே? யார் தடுக்கிறார்கள்? (வாசகி, தஞ்சாவூர்)

வந்த கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான். அதிகாரத்தைக் கொடுக்கும் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்றிவிடலாம். அதிபரும் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுவார். திரும்பப் பெறுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும். அதுவும் அதே அதிபரின் மேசைக்குத்தான் போகும். தன் அதிகாரத்தைத் தானே வெட்டிக்கொள்ளும் மசோதாவில் எந்த அதிபர் கையெழுத்திடுவார்? அவர் திருப்பி அனுப்பினால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு சேர்த்தாக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் காலம் முதல் அதிபர்கள் இப்படித் தள்ளுபடி (வீட்டோ) செய்த மசோதாக்கள் 2,500க்கும் மேல். அவற்றில் காங்கிரஸ் மீறி நிறைவேற்றியவை 112. நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை. ஆகக் கொடுப்பதற்குப் பாதிப் பேர் போதும், வாங்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும்.

இந்தச் சிக்கல் காங்கிரஸுக்குத் தெரியாமல் இல்லை. அதற்கென்று அது ஒரு கயிறு கட்டி வைத்திருந்தது: அதிகாரத்தைக் கொடுக்கும்போதே, ‘இதைப் பயன்படுத்தி எடுக்கும் முடிவை எங்கள் அவைத் தீர்மானம் ஒன்றால் ரத்து செய்வோம், அதற்கு அதிபரின் கையெழுத்து தேவையில்லை’ என்றும் எழுதிவைப்பது. அந்தக் கயிற்றை அறுத்தது, சட்டப் புத்தகங்களுக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஒரு மாணவரின் வழக்கு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜகதீஷ் ராய் சத்தா பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு ஒஹையோ மாநிலத்துக்குப் படிக்க வந்தார். 1972இல் அவருடைய மாணவர் விசா முடிந்தது. நாடு கடத்தினால் கடும் இன்னலுக்கு ஆளாவார் என்று ஏற்றுக்கொண்ட குடிவரவு நீதிபதி 1974இல் நாடுகடத்தலை நிறுத்திவைத்தார். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, அப்படிச் சலுகை பெற்ற 340 பேரின் பட்டியலில் ஆறு பெயர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, அவர்களுக்குச் சலுகை கிடையாது என்று ஒரு தீர்மானம் போட்டது. அந்த ஆறில் ஒன்று சத்தாவின் பெயர்.

அவர் வழக்காடினார். 1983 ஜூன் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், இரு அவைகளிலும் நிறைவேறாத, அதிபரிடம் அனுப்பப்படாத தீர்மானம் எதுவும் சட்டமாகாது என்று தீர்ப்பளித்தது. சத்தா நாட்டில் தங்கினார். அதே தீர்ப்பால் ஏறத்தாழ 200 சட்டங்களில் காங்கிரஸ் கட்டியிருந்த கயிறுகள் அறுந்து விழுந்தன என்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஒயிட் வருந்தினார். ஒரு தனிமனிதருக்குக் கிடைத்த நியாயமான வெற்றி, அதிபர் பதவிக்கு எதிர்பாராத சீதனமாகவும் ஆயிற்று. தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதன் விலையை இன்றுவரை காங்கிரஸ் கட்டிக்கொண்டிருக்கிறது.

விலை என்னவென்று 2019இல் கண்கூடாகத் தெரிந்தது. மெக்சிகோ எல்லைச் சுவருக்கு டிரம்ப் கேட்ட 570 கோடி டாலருக்குப் பதிலாகக் காங்கிரஸ் சுமார் 137 கோடியே ஒதுக்கியது. இடையில் 35 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்தன. பிப்ரவரி 15 அன்று அவர் அவசரநிலையை அறிவித்து, படைத்துறைக் கட்டுமானப் பணத்தைச் சுவருக்குத் திருப்பினார். 1976ஆம் ஆண்டு அவசரநிலைச் சட்டம் முதலில் எழுதப்பட்டபடி இருந்திருந்தால், இரு அவைகளின் தீர்மானமே அதை முடித்துவைத்திருக்கும். சத்தா தீர்ப்புக்குப் பிறகு 1985இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தீர்மானத்துக்கும் அதிபரின் ஒப்புதல் தேவை என்றாகியிருந்தது. அவசரநிலையை முடிக்கும் தீர்மானத்தை இரு அவைகளும் நிறைவேற்றின. செனட்டில் அதிபரின் சொந்தக் கட்சியினரே பன்னிரண்டு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். மார்ச் 15ஆம் தேதி அவர் தம் முதல் தள்ளுபடி அதிகாரத்தைப் பயன்படுத்தினார். பிரதிநிதிகள் சபையில் மறுபடி 248 பேர் அவருக்கு எதிராக நின்றும் மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. அவசரநிலை நீடித்தது.

ஈரான் பணயக்கைதிகள் விவகாரத்தில் 1979 நவம்பரில் கார்ட்டர் அறிவித்த அவசரநிலை, அதன் பிறகு வந்த ஒவ்வோர் அதிபராலும் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். பணயக்கைதிகள் 1981 ஜனவரியிலேயே வீடு திரும்பிவிட்டார்கள்.

கேள்வி: என் மகனும் மருமகளும் டல்லாஸில் வேலை விசாவில் இருக்கிறார்கள். 2022இல் அங்கே பிறந்த பேரனுக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு. அதிபரின் ஆணையால் அது பறிபோகுமா? (வாசகர், மதுரை)

உங்கள் பேரனைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். தற்காலிக விசாவில் இருப்போர் முதலியோரின் குழந்தைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை, அதற்கு முப்பது நாள்களுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது மட்டுமே. அந்தக் குழந்தைகள் விஷயத்திலும் சியாட்டில் நீதிபதி ஒருவர் மூன்றே நாளில் தடை விதித்தார். ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுமைக்கும் தடை போடலாமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றம் ஜூன் மாதம் அதிபர் பக்கம் சாய்ந்தது. ஆனால் அடுத்த மாதமே நியூ ஹாம்ப்ஷயரில், பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவர் சார்பிலுமான கூட்டு வழக்காக அது மறுபடி தடுக்கப்பட்டது.

நிர்வாக ஆணை என்பது அதிபர் தம் கீழுள்ள அரசு இயந்திரத்துக்கு இடும் கட்டளை. படைகளில் வெள்ளையர், கறுப்பர் என்ற பிரிவினையை ஒழிக்க 1948இல் ட்ரூமன் பிறப்பித்ததும் அதுதான்; 1942இல் ரூஸ்வெல்ட் பிறப்பிக்க, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டதும் அதனால்தான். நல்லதும் கெட்டதும் ஒரே கருவியால் நடந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கட்டளை அரசியல் சாசனத்திலோ காங்கிரஸின் சட்டத்திலோ வேரூன்றியிருக்க வேண்டும். வேரில்லாவிட்டால் நிற்காது: மாணவர் கடன் சுமார் 40,000 கோடி டாலரைத் தள்ளுபடி செய்ய பைடன் எடுத்த முயற்சியை 2023இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளியது, அதற்கு அவர் காட்டிய சட்டம் அவ்வளவு பெரிய சுமையைத் தாங்காது என்பதால்.

அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் ஆளுகைக்கு உட்பட்டவர் அமெரிக்கக் குடிமகன் என்று 1868இல் சேர்க்கப்பட்ட 14ஆவது திருத்தம் சொல்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்து, சீனா சென்று திரும்பியபோது துறைமுகத்தில் தடுக்கப்பட்ட வோங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கில் 1898ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விசா விஷயம் வேறு. புதிய எச்-1பி (வேலை விசா) விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் வந்த பிரகடனம், வெளிநாட்டினர் நுழைவதைத் தடுக்க 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதிபருக்குக் கொடுத்த பரந்த அதிகாரத்தைப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் இரவல்தான்.

கேள்வி: நீதிமன்றம் தடை போட்டது, தள்ளுபடி செய்தது என்கிறீர்கள். நீதிமன்றத்திடம் படையும் இல்லை, போலீசும் இல்லை. அதிபர் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால்? (வாசகர், கோவை)

உண்மையில் நீதிமன்றத்திடம் இருப்பது தாளும் மையும்தான். அது போதுமானதாக இருந்த ஒரு நாளைச் சொல்கிறேன். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த 1952 ஏப்ரலில், உருக்காலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். உருக்கு நின்றால் போர்முனைக்குக் குண்டும் பீரங்கியும் போகாது என்று அஞ்சிய ட்ரூமன், 8ஆம் தேதி இரவு வானொலியில் மக்களிடம் பேசி, நாட்டின் பெரும் உருக்காலைகளை அரசு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். முதலாளிகளின் வழக்கறிஞர்கள் உடனே நீதிபதியைத் தேடி ஓடினார்கள். எட்டு வாரத்துக்குள், ஜூன் 2ஆம் தேதி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: ஆறுக்கு மூன்று, கைப்பற்றியது செல்லாது.

அந்த ஒன்பது நீதிபதிகளும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். நால்வர் ட்ரூமனே நியமித்தவர்கள். அவரிடம் அரசின் தலைமை வழக்கறிஞராகப் பணியாற்றிய டாம் கிளார்க்கும் எதிர்த்தரப்பில் நின்றார். ட்ரூமன் கொதித்தார், ஆனால் அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தொழிலாளர்கள் வெளியேறினார்கள், வேலைநிறுத்தம் 53 நாள் நடந்தது. பின்னர், தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக் தம் வீட்டுக்கு ட்ரூமனை விருந்துக்கு அழைத்தார் என்றும், உங்கள் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டு மது நன்றாக இருக்கிறது என்று ட்ரூமன் சொன்னார் என்றும் நீதிபதி டக்ளஸ் எழுதியிருக்கிறார்.

அந்த வழக்கில் நீதிபதி ஜாக்சன் தனியே எழுதிய கருத்துதான் இன்றைக்கும் அளவுகோல். காங்கிரஸின் ஒப்புதலோடு செயல்படும்போது அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் மௌனமாக இருக்கும்போது அது தெளிவற்ற அந்திப்பொழுதில் இருக்கிறது. காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறாகச் செயல்படும்போது அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. 1974இல் வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொன்ன தீர்ப்பு எட்டுக்குப் பூஜ்யம் என்று வந்தது. அவர் நியமித்த மூவரும் அந்த எட்டில் அடக்கம். பதினாறே நாளில் அவர் பதவி விலகினார். ஒப்படைக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், முடிவு கீழிருக்கும் அதிகாரிகளின் கையில் போயிருக்கும்: ஆணையை எழுதித் தர ஒரு வழக்கறிஞர், பணத்தை விடுவிக்க ஒரு கணக்கர், கதவைத் திறக்க ஒரு காவலர் வேண்டும். சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தும் அவர்கள் இணங்குவார்களா என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான விடை; அது சாசனத்தில் எழுதப்படவில்லை.

கேள்வி: போரும் அப்படித்தானா? (வாசகர், நாகர்கோவில்)

போரில் கடிவாளம் இன்னும் தளர்வு. போரை அறிவிப்பது காங்கிரஸ் என்கிறது சாசனம்; காங்கிரஸ் கடைசியாக அறிவித்தது 1942 ஜூன் மாதம், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளின் மீது. கொரியா, வியட்நாம், ஈராக் எதுவும் முறைப்படி அறிவிக்கப்பட்ட போரல்ல. 1973இல் நிக்சனின் தள்ளுபடியையும் மீறி நிறைவேறிய சட்டம், படையை அனுப்பிய 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு அறிவிக்க வேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும் என்கிறது. 2011இல் லிபியா மீது குண்டு வீச்சு 60 நாளைத் தாண்டியபோது, இது அந்தச் சட்டம் சொல்லும் ‘சண்டை’ அல்ல என்று ஒபாமா அரசு விளக்கம் கொடுத்தது. குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களுக்கு அந்த விளக்கம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. அணு ஆயுதத்தில் எல்லை என்று எதுவுமே இல்லை: அணு ஆயுத ஆணை பிறப்பிப்பதற்கான கறுப்புப் பெட்டியைச் சுமந்தபடி ஒரு படை அதிகாரி அதிபர் போகும் இடமெல்லாம் கூடவே போகிறார், ஆணையிட இரண்டாவது கையெழுத்து எதுவும் தேவையில்லை.

கேள்வி: நம் நாட்டில் 356ஆம் பிரிவின்படி மாநில ஆட்சியைக் கலைத்திருக்கிறார்கள். அமெரிக்க அதிபரால் ஓர் ஆளுநரை நீக்க முடியுமா? (வாசகி, சேலம்)

முடியாது. அங்கே ஆளுநர் என்பவர் மாநில மக்கள் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர். ஐம்பது மாநிலங்களில் எங்கும் ஒரு நகர மேயரைக்கூட அதிபர் வீட்டுக்கு அனுப்ப முடியாது. துப்பாக்கி வாங்குவோரின் பின்புலத்தை விசாரிக்கும்படி மாவட்ட ஷெரீப்புகளுக்கு மத்திய அரசு கட்டளையிட முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மாநிலக் காவல்படையைத் தம் ஆணைக்குள் எடுத்துக்கொள்ளலாம். 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி ஆர்கன்சா ஆளுநர் அந்தப் படையை நிறுத்தினார். ஐசனோவர் அதே படையைத் தம் வசம் எடுத்துக்கொண்டு, கூடவே ராணுவத்தையும் அனுப்பி, மாணவர்களை வாசல் வழியாக உள்ளே அழைத்துச் செல்லவைத்தார்.

கேள்வி: அதிபர் தமக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் மன்னிப்பு வழங்கலாமா? அவர்மீதே வழக்குப் போட முடியுமா? (வாசகர், புதுச்சேரி)

மத்தியச் சட்டப்படியான குற்றங்களுக்கு மட்டும் வழங்கலாம். மாநிலச் சட்டப்படியான குற்றத்தை அவரால் தொட முடியாது. அந்த வரம்புக்குள் அவரைக் கேட்பார் இல்லை. ஃபோர்டு நிக்சனுக்கும், பைடன் தம் மகனுக்கும், டிரம்ப் 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலில் வழக்குக்கு ஆளான சுமார் 1,500 பேருக்கும் மன்னிப்பு வழங்கியபோது யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. வழக்கைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலை 1ஆம் தேதித் தீர்ப்பு, சாசனம் நேரடியாக அளித்த அதிகாரங்களைப் பயன்படுத்திச் செய்தவற்றுக்கு முழுப் பாதுகாப்பும், மற்ற அலுவல்களுக்குக் குறைந்தபட்சம், அரசுத் தரப்பு முறியடித்துக் காட்டும்வரை நீடிக்கும் பாதுகாப்பும் உண்டு என்றது. எஞ்சியிருப்பது காங்கிரஸின் பதவிநீக்க விசாரணை. மூன்று அதிபர்கள் நான்கு முறை அதைச் சந்தித்திருக்கிறார்கள், ஒருவர்கூட நீக்கப்படவில்லை. 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் தப்பியது ஒரே ஒரு வாக்கில்.

கேள்வி: மூன்றாம் முறை போட்டியிட ஓர் ஆணை போட்டுக்கொள்ள முடியுமா? (வாசகர், ஈரோடு)

ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆவது திருத்தம் ஒருவரை இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுப்பதைத் தடுக்கிறது. அதை மாற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். சாசனத் திருத்தத்துக்கு அதிபரின் கையெழுத்து தேவையில்லை. அந்தத் தாள் அவருடைய மேசைக்கே வராது.